ஆம்பளப் பையன்தானே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. எங்கள் கடை நாமக்கல் பக்கத்தில், ஒரு விடுதிப் பள்ளிக்கு எதிரில் இருக்கிறது. நோட்டு, பேனா, சோப்பு, பக்கெட், பிஸ்கட் விற்கிற சின்னக் கடை. பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறு என்றால் காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி என்று எங்கெங்கோ இருந்து ராத்திரி பஸ் பிடித்து, தூக்குவாளியும் கையுமாக வந்து கேட் திறக்கும் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றைக்கு வந்தவர் ராமநாதபுரம் பக்கத்து ஆள். மகன் பதினொன்றாம் வகுப்பு. கடைக்கு முன்னால் கிடக்கும் பெஞ்சில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வீட்டில் இருந்து கொண்டு வந்த மீன்குழம்பை ஊற்றி ஊற்றிப் பையன் சாப்பிட்டான். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் அவர் கேட்டது மூன்றே கேள்வி. டெஸ்டில் எவ்வளவு, கையில் காசு இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா. பையனும் ஒவ்வொரு வார்த்தையில் பதில் சொன்னான். நேரம் ஆனதும் இருநூறு ரூபாயை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டு அனுப்பினார்.

அவன் கேட்டைத் தாண்டி உள்ளே போன பிறகு என்னிடம் வந்து ஒரு சோடா கேட்டார். கையில் வாங்கியவர் குடிக்கவில்லை.

"பய இளைச்சுப் போயிட்டான் தங்கச்சி. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு."

"அவன்கிட்டயே கேட்டிருக்கலாமுங்களே அண்ணா" என்றேன்.

"ஆம்பளப் பையன்தானே. நான் கேட்டு, அவன் மனசு விட்டுட்டா?"

அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடன் வாங்கிப் பீஸ் கட்டியிருப்பார், மார்க்கைத்தான் முதலில் கேட்பார். ஆனால் அவர் சொன்ன வார்த்தை ஒரு மாதமாக என்னை விடவில்லை. ஏனென்றால் என் வீட்டிலும் அதே வார்த்தைதான் ஓடுகிறது. பதினேழு வருஷமாக நானே சொல்லி வந்திருக்கிறேன்.

எனக்கு மூத்தவள் பெண், இளையவன் பையன். மகள் கல்லூரியில் இருந்து வரப் பத்து நிமிஷம் தாமதமானால் மூன்று போன் போடுவேன். வந்ததும் ஏன், என்ன, யாரோடு என்று கேட்பேன். அவளுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கேள்விகளின் நடுவே அவள் தன் நாளைச் சொல்லிவிடுவாள். பையன் எட்டு மணிக்கு வந்தால் தட்டில் சோறு வைப்பேன், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் அழுதுகொண்டு வந்தான். "ஆம்பளப் பையன் அழுவாங்களா கண்ணு?" என்று முகத்தைத் துடைத்துவிட்டேன். எதற்காக அழுதான் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டால் மறந்துவிட்டது என்கிறான்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பக்கம் பையனைப் பெற்றவர்களின் முதல் பயம் அதுதான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், சில சமயம் குஜராத். வீட்டுக்கு வரப் பதினைந்து இருபது நாள் ஆகும். ரோட்டில் என்னென்ன கிடக்கும் என்று அவர் வீட்டில் சொல்லமாட்டார். ஆனால் ஒரு தடவை ஊருக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ராத்திரிதான் சொன்னார். ரோட்டில் ஒரு இடத்தில் அடிபட்டுக் கிடந்த இரண்டு பையன்கள், நம் பையன் வயசுதான் இருக்கும், ஒரே பைக்கில் வந்தவர்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு என் தம்பி வந்து, "மாப்பிள்ளைக்கு நான் பைக் எடுத்துத் தர்றேன்க்கா, டியூசனுக்கு எவ்வளவு தூரம் சைக்கிள் மிதிப்பான்" என்றான். ஆசையாகத்தான் சொன்னான். பையன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் நான் தலையாட்டப் பார்த்தேன். வீட்டுக்காரர் போனிலேயே முடியாது என்றுவிட்டார். நான்கு நாள் பையன் யாரிடமும் பேசவில்லை.

அப்போதுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன், தயவுசெய்து படியுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, பெற்றவரோ வண்டியின் சொந்தக்காரரோதான் குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

"பதினாறு வயசுல ஸ்கூட்டி ஓட்டலாமே" என்று கடைக்கு வருகிற நிறையப் பேர் சொல்கிறார்கள். 16 வயதில் லைசென்ஸ் உண்டுதான், ஆனால் அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். இப்போது தெருவில் ஓடுகிற பெட்ரோல் ஸ்கூட்டர் பெரும்பாலும் 110, 125 சிசி. அதற்கு 18 ஆக வேண்டும். லைசென்ஸ் இல்லாத பிள்ளை யார் மேலாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த பணத்தை நம்மிடமே திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது. வீட்டை விற்றாலும் அடைபடாது.

ஆனால் சட்டத்தைப் படித்துக் காட்டியதால் என் பையன் சமாதானம் ஆகவில்லை. அவன் அப்பா லோடு இறக்கிவிட்டு வந்து, அந்த இரண்டு பையன்களைப் பற்றி அவனிடம் சொன்னார். எனக்குச் சொல்லாததையும் சொன்னார். ஒருவனுடைய போன் தரையில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்ததாம், திரையில் 'அம்மா' என்று இருந்ததாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அப்பாவை அப்படி அவன் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் பைக் பேச்சு எழவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. பையனிடம் பயத்தைக் காட்டினால் அவன் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் பயத்தைக் காட்டிய அன்றைக்குத்தான் அவன் அப்பா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டான்.

செல்போன் கவலை எல்லா வீட்டிலும் இருப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

மார்க்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2025 பிளஸ் டூ தேர்வில் பெண் பிள்ளைகள் 96.70 சதவீதம் தேர்ச்சி, ஆண் பிள்ளைகள் 93.16. வருஷா வருஷம் இப்படித்தான் வருகிறது. ரிசல்ட் அன்றைக்கு "பொண்ணுங்கதான் படிக்கிறாங்க, பசங்க ஊர் சுத்துறாங்க" என்று பேசிவிட்டு மறந்துவிடுகிறோம். ஊர் சுற்றுகிறவன் எதற்காகச் சுற்றுகிறான், புத்தகத்தில் எந்த இடத்தில் நின்றுபோனான் என்று யாராவது அவனிடம் உட்கார்ந்து கேட்டோமா? பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிற பையனுக்கு அடிதான் கிடைக்கிறது, இல்லாவிட்டால் விடுதி. அந்த விடுதிகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே படிக்க வைத்த காலம் ஒன்று உண்டு. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். பழையபடி ஆகிவிடக்கூடாதே என்பது என் கவலை.

இன்னொன்றையும் எழுத வேண்டும், கை நடுங்கினாலும் எழுதுகிறேன். 2022இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல். அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் அதிகமானவர்கள் ஆண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. இதற்குக் கடன், குடி, நோய் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் "எனக்கு முடியலம்மா" என்று சொல்ல ஒரு வாய்ப்புக்கூட இல்லாமல் வளர்ந்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 14416 என்ற எண்ணைப் பிள்ளைகளின் போனில் போட்டு வையுங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண், கட்டணம் இல்லை, இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். உங்கள் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பையன் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. அதில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவை இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. உயர்கல்வியில் சேர்ந்துவிட்டால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். சீட் கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் வேறு படிப்பான். அவன் ஸ்டியரிங் பிடிக்காமல் இருந்தால் போதும் என்று அவன் அப்பா நினைக்கிறார். எனக்கு அதற்கு மேலும் ஒரு ஆசை இருக்கிறது. நாளைக்கு அவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால், அதை அவன் ஒரு மனுஷரிடமாவது வாய் திறந்து சொல்ல வேண்டும். அது நானாக இல்லாவிட்டாலும் சரி.

போன வாரம் வீட்டுக்காரரிடம், "போன் பண்ணினா சாப்பிட்டியா, படிச்சியான்னு மட்டும் கேக்காதீங்க, வேற ஏதாச்சும் கேளுங்க" என்றேன். "வேற என்ன கேக்கறது?" என்றார், உண்மையாகவே தெரியாமல். "இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க" என்றேன். மறுநாள் நாக்பூர் தாண்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிட்டார். முதலில் இரண்டு பேருமே பேசவில்லை. அப்புறம் பையன், பக்கத்துத் தோட்டத்து மாடு கன்று போட்டதைச் சொல்ல ஆரம்பித்தான். கன்றின் தலை பின்பக்கம் மடங்கிக் கிடந்ததாம், டாக்டர் வந்து எப்படித் திருப்பினார் என்று இருபது நிமிஷம் சொன்னான். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன்.

அடுத்த நாள் மறுபடி ஒரு நிமிஷப் பேச்சுதான். வியாழக்கிழமை ராத்திரி நான் கடை மூடிவிட்டு வந்தபோது, பையன் திண்ணையில் உட்கார்ந்து அவனாகவே போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "லோடு இறங்கிருச்சாப்பா? தூங்குனீங்களா?"