பனி நிழலுக்குக் கறுப்பு வேண்டாம்

"பனியின் நிழலுக்கு வெள்ளையோடு கொஞ்சம் கறுப்பு கலந்தால் போதும்" என்று சிலர் சொல்வது சரியல்ல. பாஸ்டனின் பீக்கன் ஹில் போன்ற செங்கல் தெருவை வாட்டர்கலரில் வரையும்போது அந்தச் சாம்பல் பனியை அழுக்காக்கிவிடும். வெயில் நாளில் நிழலுக்குள் வரும் வெளிச்சம் நீல வானத்தினுடையது. அதனால் அல்ட்ராமரீன் என்ற அடர்நீல வண்ணத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து, தூரிகை நுனியளவு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணம் சேருங்கள். எதிரே வெயில் படும் செங்கல் சுவர் இருந்தால், ஈரம் காய்வதற்குள் நிழலில் துளி சியன்னாவைத் தொட்டுவிடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அப்படித்தான் தெரியும். வெயில் விழும் பனிக்கு வண்ணமே வேண்டாம், காகித வெள்ளையை விட்டுவிடுங்கள்.

செங்கல்லை ஒவ்வொன்றாக வரையவும் வேண்டாம். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்தபின் ஜன்னல் ஓரம், சுவர் முனை என்று பத்துப் பதினைந்து கற்கள் போதும். ஈரத்தில் வைத்தால் பரவிக் கறையாகிவிடும்.