இடிபாட்டுக்குள் துப்பாக்கி எதற்கு?

அறிவியல் புனைவு கேம்களில் ஆய்வுக் குழு என்று ஒன்று வரும். ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கும், பழைய இடிபாட்டுக்குள் நுழையும், பத்தாவது நிமிடம் சுட ஆரம்பித்துவிடும். சுவர் முழுக்க எழுத்து இருக்கும். ஒருத்தரும் நின்று பார்க்க மாட்டார்கள். மூலையில் உள்ள பெட்டியைத் திறந்தால் புதுத் துப்பாக்கி. சரி, ஆய்வு எங்கே போனது?

2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ கேம் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்தது அதனால்தான். அதில் ஆயுதமே கிடையாது. கையில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழியும், மறுபடி அதே இடத்தில் கண் விழிப்போம். படித்துத் தெரிந்துகொண்டது மட்டும்தான் மிஞ்சும். “முடிச்சா என்னண்ணா கிடைக்கும்?” என்று தம்பி கேட்டான். ஒன்றும் கிடைக்காதுடா. விஷயம் தெரிந்தவன் ஒரே சுற்றில் முடித்துவிடுவான். எனக்கு மூன்று வாரம் ஆனது.

அழிந்துபோன நோமாய் இனத்தார் சுவரில் சுருள் சுருளாக எழுதியிருப்பார்கள். ஒருவர் எழுதிய சுருளிலிருந்தே அடுத்தவரின் பதில் கிளைக்கும். கல்வெட்டு மாதிரி ராஜாவின் பெருமை எல்லாம் இல்லை. சந்தேகம், வாக்குவாதம், கிண்டல்.

(இனிமேல் விளையாடப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

எம்பர் ட்வின் என்ற கிரகத்தில் பக்கத்துக் கிரகத்து மணல் வந்து கொட்டிக்கொண்டே இருக்கும். குகை நிரம்புவதற்குள் படிக்க வேண்டும். படித்துக்கொண்டே இரண்டு தடவை நசுங்கிச் செத்தேன். மூன்றாம் தடவை ஒரு ராட்சத மீனின் எலும்புக்கூடு வரை போய்ச் சேர்ந்தேன். அங்கே நோமாய்க் குழந்தைகள் தங்கள் விளையாட்டுக்கு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். மீனாக வருபவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். அட, நம்ம கண்ணாமூச்சி! சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் டார்க் பிராம்பிள் என்ற கிரகத்தின் மூடுபனிக்குள் அதே மாதிரி மீன் உயிரோடு எதிரே நின்றபோதுதான் உறைத்தது: இதற்குக் கண் தெரியாது, காதுதான். என்ஜினை அணைத்தேன். கப்பல் தானாக மிதந்து அதன் பல் வரிசையை ஒட்டிக் கடந்தது. அதுவரை நானும் மூச்சு விடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கருவியை நீட்டினால் உடனே மொழிபெயர்ப்பு வந்துவிடுகிறது. வாசிப்பின் பாடு இதில் இல்லை. அதே 2019இல் வந்த ‘ஹெவன்ஸ் வால்ட்’ கேமில் ஒவ்வொரு சொல்லுக்கும் நாமே பொருள் ஊகிக்க வேண்டும். தப்பாக ஊகித்தால் அந்தத் தப்போடே அடுத்த கல்வெட்டுக்கும் போவோம். அது இன்னும் நேர்மை.

ஆனாலும் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ பக்கம்தான் நிற்பேன், அதில் வரும் ரீபெக்குக்காக. தொல்லியல்காரர், விண்வெளி என்றாலே பயம். காலடியில் கருந்துளையும், உடைந்து விழும் மேலோடுமாக இருக்கிற கிரகத்தில் தீ மூட்டி உட்கார்ந்து பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கிறார்.

தம்பிக்கும் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். நேற்று மணலில் செத்தான். மீன் விஷயத்தில் நான் வாயே திறக்கவில்லை.