நாசா போகும் 29சி

மாமா: போலீஸ்ல சொல்லியாச்சா மாப்ள?

மாப்பிள்ளை: எதுக்கு மாமா?

மாமா: வண்டிக்குள்ள ஒண்ணுமே இல்லையே. பக்கத்து சீட்டு இல்ல, மேட் இல்ல, ரேடியோ இல்ல, ஏசி இல்ல. ஒயரெல்லாம் குடல் மாதிரி தொங்குது. ராத்திரி கராஜைப் பூட்டலையா?

மாப்பிள்ளை: நான்தான் கழட்டினேன். நாசாவுக்காக.

மாமா: (நாற்காலியிலிருந்து எழுந்து) நாசாவுக்கா?

மாப்பிள்ளை: ஆமா மாமா. லைசன்ஸ் கூட வந்துருச்சு.

மாமா: இவ்ளோ பெரிய விஷயத்தை இப்படியா சொல்றது? கல்யாணத்தப்போ ஐடி கம்பெனின்னுதானே சொன்னீங்க! இருங்க, குடும்ப குரூப்ல ஒரு வார்த்தை போட்டுடறேன். (போட்டுவிட்டு) எங்க ஓட்டப் போறீங்க இதை?

மாப்பிள்ளை: முதல்ல தண்டர்ஹில். அப்புறம் லகுனா செக்கா.

மாமா: ரெண்டும் நிலாவுல இருக்கா, செவ்வாய்லயா?

மாப்பிள்ளை: ரெண்டும் கலிபோர்னியாவுலதான். லகுனா செக்கா மான்டரே பக்கம் மாமா. அங்க கார்க்ஸ்க்ரூன்னு ஒரு வளைவு. இடது, வலதுன்னு திரும்பறதுக்குள்ள 18 மீட்டர் கீழ இறங்கிடும்.

மாமா: பள்ளம்! டிவில காட்டினாங்க. அங்க காத்து இருக்குமா?

மாப்பிள்ளை: கடல் பக்கம்தானே, நல்லா வீசும். மாமா, ஒரு நிமிஷம். நீங்க நினைக்கற நாசா இல்ல இது. நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன். 1991ல ஆரம்பிச்சது. கார் ரேஸ் நடத்தறாங்க. நான் சொன்ன ரெண்டும் ரேஸ் டிராக்.

மாமா: (போனைப் பார்த்து) என் சித்தப்பா அதுக்குள்ள ராக்கெட் படம் அனுப்பிட்டாரு.

மாப்பிள்ளை: அழிச்சிடுங்களேன்.

மாமா: 46 பேர் பாத்தாச்சு மாப்ள. இனிமே நீங்க அந்த நாசாவுல சேந்தாதான் மானம் மிஞ்சும். சரி, விஷயத்துக்கு வருவோம். நல்லா ஓடிட்டிருந்த வண்டிக்கு ஏன் இந்த கதி?

மாப்பிள்ளை: இது 1999 மாடல் மியாட்டா. ரெண்டு பேர் உக்கார்ற ஸ்போர்ட்ஸ் கார். இதை ஸ்பெக் மியாட்டாவா மாத்தறேன். ரேஸ்லயே சிக்கனமான ரேஸ் இதுதான் மாமா. எல்லாருக்கும் ஒரே வண்டி, ஒரே சஸ்பென்ஷன், ஒரே டயர். எஞ்சினைத் தொடக் கூடாது. பணக்காரன் ஏழைன்னு கிடையாது, ஓட்டறவன் திறமை மட்டும்தான்.

மாமா: நல்ல கொள்கைதான். என்ன விலைக்கு வாங்கினீங்க?

மாப்பிள்ளை: ஆறாயிரம் டாலர்தான்.

(இந்த "தான்" வந்தால் உஷாராக வேண்டும். கராஜில் கார் பிரிக்கிற யாரிடம் பேசினாலும் வண்டி வாங்கிய விலையை மட்டும் உரக்கச் சொல்வார்கள். மற்றதெல்லாம் கிரெடிட் கார்டுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.)

மாமா: உள்ள என்ன இது, இவ்ளோ குழாய்? நின்னுட்டு வர்றவங்க பிடிச்சுக்கவா?

மாப்பிள்ளை: ரோல் கேஜ். வண்டி உருண்டா கூரை நசுங்காம தாங்கும். ஒன்றரை இஞ்ச் குழாய், கிட்டத்தட்ட ரெண்டரை மில்லி தடிமன். தரையோட வெல்டிங் பண்ணியிருக்கு.

மாமா: இந்தக் குழாய்ல ஓட்டை விட்டிருக்கான் பாருங்க. வெல்டர் உங்களை ஏமாத்திட்டான்.

மாப்பிள்ளை: அது வேணும்னே போடற ஓட்டை மாமா. குழாய் எவ்ளோ தடிமன்னு ஆய்வு பண்றவங்க அதுல அளந்து பாப்பாங்க.

மாமா: இதுக்கு எவ்ளோ?

மாப்பிள்ளை: நாலாயிரத்து ஐந்நூறு.

மாமா: ஓட்டையோட சேத்தா?

மாப்பிள்ளை: மாமா!

மாமா: நான் பஸ் டிப்போல ஃபோர்மேனா இருந்தவன், அதான் கேக்கறேன். ஏசி இல்ல, மேட் இல்ல, பாட்டு இல்ல. உள்ள பூரா இரும்புக் கம்பி. சீட்டுல உக்காந்தா முதுகு பலகை மேல பட்ட மாதிரி இருக்கு. மாப்ள, நீங்க செஞ்சு வச்சிருக்கறது நம்ம மெட்ராஸ் 29சி பஸ். பெரம்பூர்லேர்ந்து பெசன்ட் நகர். இதைத்தான் நான் தினம் காலையில நாலு மணிக்கு வெளிய அனுப்பிட்டிருந்தேன். ஒருத்தரும் எனக்கு ரேஸ் டீம்னு பேர் வைக்கல.

மாப்பிள்ளை: இதோட எஞ்சின் பவரே வேற மாமா. 140 குதிரை.

மாமா: 29சியும் லேசுப்பட்டதில்ல. அந்த மூலையில என்ன வட்டமா, தட்டு மாதிரி?

மாப்பிள்ளை: ரெஸ்ட்ரிக்டர். 1990 மாடல் மியாட்டாவுல 1.6 லிட்டர் எஞ்சின், அதுவும் இதே ரேஸ்ல ஓடுது. என்னுது 1.8. ரெண்டும் சமமாகணும்ல? அதனால எனக்கு மட்டும் எஞ்சினுக்குள்ள காத்து போற வழியில இந்த ஓட்டைத் தட்டை வைக்கணும். காத்து கம்மியா போகும், பவர் குறையும்.

மாமா: எங்க டிப்போல ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா டிரைவர் ஷெட்டுக்குள்ள வந்து சட்டையைப் பிடிப்பாரு. நீங்க காசு குடுத்து அடைக்கறீங்க.

மாப்பிள்ளை: சமத்துவம் மாமா.

மாமா: சமத்துவத்துல யாரு ஜெயிக்கறா?

மாப்பிள்ளை: ம்... பெரும்பாலும் நல்ல எஞ்சின் வச்சிருக்கறவங்க.

மாமா: தொடக் கூடாதுன்னீங்களே.

மாப்பிள்ளை: தொடக் கூடாதுதான். ஆனா கம்பெனி குடுத்த அளவுலயே கொஞ்சம் கூடக் குறைய விட்டிருப்பான்ல, அதுக்குள்ளயே எது தோதோ அதைப் பொறுக்கிப் பொறுக்கி எஞ்சின் கட்டித் தர கடைங்க இருக்கு. விதிப்படி தப்பே கிடையாது.

மாமா: எவ்ளோ?

மாப்பிள்ளை: பத்தாயிரம் பக்கம் வரும்.

மாமா: வண்டி ஆறாயிரம். தொடாத எஞ்சின் பத்தாயிரம்.

மாப்பிள்ளை: நான் இன்னும் வாங்கல மாமா!

மாமா: வாங்கறவனும் வாங்காதவனும் ஒரே கோட்டுலேர்ந்து கிளம்பறான். அதுக்குத்தான் சமத்துவம்னு பேரா? விலையைத் தவிர எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காங்க.

மாப்பிள்ளை: சந்தேகம் வந்தா அடுத்தவன் மேல புரோட்டஸ்ட் போடலாம். பணம் கட்டினா அவன் எஞ்சினைப் பிரிச்சுப் பாப்பாங்க.

மாமா: பிரிச்சா?

மாப்பிள்ளை: தப்பு இல்லைன்னா நம்ம பணம் அவனுக்குப் போயிடும்.

மாமா: நல்லாருக்கு. அதையும் சிக்கனத்துல எழுதிக்கங்க. சீட்டை ஏன் கழட்டினீங்க?

மாப்பிள்ளை: எடை குறையணும்.

மாமா: அந்த இடத்துல போல்ட் போட்டிருக்கற இரும்புப் பலகை?

மாப்பிள்ளை: எடை ரொம்பக் குறைஞ்சிருச்சு. ஓட்டறவரோட சேத்து இவ்ளோ எடைக்குக் கீழ போகக் கூடாதுன்னு கணக்கு இருக்கு. ரேஸ் முடிஞ்சதும் நேரா எடை மேடையில ஏத்துவாங்க.

மாமா: சீட்டையே விட்டு வச்சிருக்கலாமே!

மாப்பிள்ளை: சீட்டு எடை மேல இருக்கும் மாமா, இரும்பு தரையோட இருக்கும். வளைவுல வித்தியாசம் தெரியும்.

மாமா: உங்க அத்தை இங்க இருக்கற ஆறு மாசத்துல பொங்கல் வடையாப் போட்டு உங்களையே அந்த எடைக்குக் கொண்டு வந்துடுவா. இரும்பைத் திருப்பிக் குடுத்துடுங்க. இது என்ன, கழுத்துல மாட்டறதா?

மாப்பிள்ளை: தலையும் கழுத்தும் முன்னாடி வீசாம ஹெல்மெட்டைப் பிடிச்சுக்கற சாதனம். 2001ல டேடோனாவுல டேல் எர்ன்ஹார்ட்னு பெரிய ரேஸ்காரர் சுவத்துல மோதி செத்துட்டாரு. மண்டையோட்டு அடிப்பாகம் உடைஞ்சு. அதுக்கப்புறம்தான் இது பரவலாச்சு.

மாமா: இதுல நான் வாயே திறக்க மாட்டேன். நல்லதா வாங்குங்க. (கொஞ்சம் பொறுத்து) 29சி படிக்கட்டுல தொங்கறவனுக்கு நாங்க விசில்தான் குடுத்தோம்.

மாப்பிள்ளை: இந்த பெல்ட் பாருங்க. லேபிள்ல தேதி இருக்கா? அதுலேர்ந்து இத்தனை வருஷம்தான்னு கணக்கு இருக்கு. ஓட்டாம அலமாரியில வச்சிருந்தாலும் மாத்தணும்.

மாமா: மாத்துங்க, மாத்துங்க. சரி, ரேஸுக்கு இதை ஓட்டிட்டே போவீங்களா?

மாப்பிள்ளை: முடியாது. கேஜ் போட்ட வண்டியை ஹெல்மெட் இல்லாம ரோட்டுல ஓட்டினா, சின்ன இடியிலயே தலை கம்பியில மோதிடும். டிரெய்லர்ல ஏத்தித்தான் கொண்டு போகணும்.

மாமா: டிரெய்லரை எது இழுக்கும்?

மாப்பிள்ளை: ஒரு பிக்கப் டிரக் பாத்துட்டிருக்கேன்.

மாமா: நல்ல வண்டியை ரோட்டுல ஓடாத வண்டியாக்கி, அதை இழுக்க ஒரு வண்டி. என் பொண்ணுக்குத் தெரியுமா?

மாப்பிள்ளை: வண்டி விலை தெரியும்.

மாமா: டிரக் விலை?

மாப்பிள்ளை: நீங்க இங்க இருக்கறப்பவே சொல்லிடலாம்னு...

மாமா: அதுக்குத்தான் டிக்கெட் போட்டீங்களா! ஏன் மாப்ள, இதையே யாராவது செஞ்சு ஓட்டிட்டு விக்க மாட்டாங்களா?

மாப்பிள்ளை: விப்பாங்க. அலுத்துப் போனவங்க நிறைய பேர் இருக்காங்க. கேஜ், சீட்டு, பெல்ட் எல்லாத்தோட சேத்து இதுக்கு ஆகறதுல பாதிக்குக் கூட கிடைக்கும்.

மாமா: அப்புறம் ஏன்?

மாப்பிள்ளை: நாமளே செஞ்சதுன்னு ஒரு திருப்தி மாமா.

மாமா: வெல்டிங் அவன் பண்ணான். எஞ்சின் கடைக்காரன் கட்டப் போறான். நீங்க செஞ்சது மேட்டை உரிச்சது.

மாப்பிள்ளை: கதவுல நம்பர் நான்தான் ஒட்டப் போறேன்.

மாமா: பெருசா ஒட்டுங்க. 29னு மட்டும் போட்டுடாதீங்க, பெரம்பூர்க்காரன் எவனாவது கை காட்டுவான். டயராவது புதுசா?

மாப்பிள்ளை: புதுசு. ஆனா சீவணும்.

மாமா: என்னது?

மாப்பிள்ளை: காஞ்ச டிராக்குல பட்டன் ஜாஸ்தியா இருந்தா டயர் நெளியும், சீக்கிரம் சூடாகும். அதனால பட்டன் உள்ள புது டயரை மெஷின்ல வச்சு மேல் ரப்பரைச் சீவி எடுத்துடுவாங்க.

மாமா: மொட்டை டயரா?

மாப்பிள்ளை: கிட்டத்தட்ட.

மாமா: மொட்டை டயர்ல பஸ்ஸை அனுப்பினதா என்னைப் பேப்பர்ல போட்டான் மாப்ள. விளக்கம் கேட்டு மெமோ வந்துச்சு. இப்படி ஒரு பதில் இருக்குன்னு அன்னிக்குத் தெரியாமப் போச்சே! சரி, ஜெயிச்சா என்ன தருவாங்க?

மாப்பிள்ளை: ஒரு கப். அப்புறம் டயர் கம்பெனிலேர்ந்து கூப்பன் தருவாங்க, அதை வச்சுப் புது டயர் வாங்கிக்கலாம்.

மாமா: அதையும் சீவணுமா?