குறை எங்கள் உடம்பில் இல்லை

இணையத்தில் வந்த ஒரு மருத்துவரின் பேட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாக இருந்தேன். புணர்ச்சியில் உச்சம் அடையாத பெண்ணுக்கு ‘மனத்தடை’ இருக்கிறது என்று அந்த மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னதைக்கூடக் கடந்திருப்பேன். அதன் கீழே நான் எழுதிய நான்கு வரிகளுக்கு ‘வீட்டில் என்ன குறையோ, பாவம்’ என்று ஒருவர் பதிலிட, இருநூறு பேர் சிரிப்புக்குறி போட்டதைத்தான் கடக்க முடியவில்லை.

மறுபடியும் எழுதுகிறேன்: புணர்ச்சியால் மட்டும் உச்சம் வராமலிருப்பது நோயும் அல்ல, மனத்தடையும் அல்ல, பெரும்பாலான பெண்களின் உடலமைப்பே அதுதான். உணர்வு நரம்புகள் செறிந்திருக்கும் இடம், யோனித் துவாரத்துக்கு மேலே இருக்கும் கிளிட்டோரிஸ். வெளியே மொட்டாகத் தெரிவது அதன் நுனி மட்டுமே. மீதி இரண்டு கால்களாகப் பிரிந்து உள்ளே இறங்குகிறது. பாடநூல்கள் வரைந்து வைத்திருந்ததைவிட அது எவ்வளவு பெரியது என்று ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் உடற்கூறாய்வு செய்து எழுதியதே 1998இல்தான். முதிர்ந்த பெண்ணின் இன்பம் கிளிட்டோரிஸிலிருந்து யோனிக்கு இடம்பெயர வேண்டும் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் எழுதியது 1905இல். நம் மருத்துவர் எந்த ஆண்டில் நின்றுவிட்டார் என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம்.

2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெரும்பாலும் உச்சம் அடைவதாகச் சொன்ன எதிர்பாலீர்ப்பு ஆண்கள் 95 விழுக்காடு, எதிர்பாலீர்ப்புப் பெண்கள் 65 விழுக்காடு, தன்பாலீர்ப்புப் பெண்களோ 86 விழுக்காடு. மனத்தடைதான் காரணமென்றால், துணை பெண்ணாக இருக்கும்போது மட்டும் அந்தத் தடை எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

திருமணமான முதல் வருடம் நானும் ஒரு மருத்துவரிடம் போனேன். கேள்வி கேட்டவள் நான். அவர் பதில் சொன்னது என் கணவரைப் பார்த்து. “ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு, சீட்டில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். குழந்தையும் பிறந்தது, இரும்புச்சத்தும் ஏறியது.

அன்பு இருந்தால் போதாதா என்பார்கள். என் கணவரிடம் அன்புக்குப் பஞ்சமில்லை. எது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கும் சொல்லித்தரவில்லை. புணர்ச்சியாலேயே உச்சம் அடையும் பெண்கள் இல்லையா என்பார்கள். இருக்கிறார்கள், மகிழ்ச்சி. இதையெல்லாம் பொதுவெளியில் பேசலாமா என்று கேட்பவர்கள், பேட்டி கொடுத்த அந்த மருத்துவர் எந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார் என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது. அவர் பேசினால் மருத்துவம், நான் பேசினால் வீட்டில் குறை! இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் நடித்தே இரவுகளைக் கழிக்கிறார்கள். நானும் நடித்திருக்கிறேன், சிரிப்பவர்கள் இதற்கும் சேர்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த இருநூறு பேரில் பதினொருவர் பெண்கள், எண்ணிப் பார்த்தேன். அவர்களுள் ஒருவர், போன வருடம் நள்ளிரவில் உட்பெட்டிக்கு வந்து, “எனக்கு மட்டும்தான் இப்படியா அக்கா?” என்று கேட்டவர். பெயரைச் சொல்ல மாட்டேன். அன்று அவருக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.