அலேர்ட் போட்ட தம்பிக்கும் நன்றி சொன்ன அண்ணன்மாருக்கும்

"களுவாஞ்சிக்குடியில கன்னோட நிக்கிறாங்க, மெதுவாப் போங்க. கல்லாறு தாண்டினா இழுக்கலாம்." வேகம் அளக்கும் கன்னோடு பொலிஸ் நிற்கிற இடத்தைச் சொல்லி நம்ம குறூப்பில் வந்த இந்த மெசேஜை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கீழே வரிசையாக நன்றி. 'இது சரியா?' என்று கேட்ட எனக்கு 'பொலிஸ்ட ஆள்' என்று பட்டம். மனம் நொந்துதான் எழுதுகிறேன்.

நம்ம கிழக்குக் கரையோர ரோட்டில் கல்லாறு தாண்டி எங்கே வேகமாக இழுப்பது? பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். மதிலோடு மதிலாக ஊர். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோயில் எல்லாம் ரோட்டோரம்தான். ஊருக்குள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 50தான் வேகம், ஓட்டோவுக்கு 40.

50இல் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்று வையுங்கள். அதற்குள் வாகனம் 21 மீற்றர் ஓடிவிடும். காய்ந்த தாரில் நிற்க இன்னும் 14. மொத்தம் 35 மீற்றர். 70இல் அதே கணக்கு 57 மீற்றர். இரவில் டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவது 40, 50 மீற்றர்தான். மழை பெய்து விட்ட பிறகு சூடான தாரில் வந்து படுக்கும் கறுத்த மாடு, பின்லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி, ரோட்டில் காயப்போட்ட நெல்லுக்கு வைத்த கல், எல்லாம் அந்த வெளிச்சத்துக்கு அப்பால்தான் இருக்கின்றன. இத்தனைக்கும் மிச்சம் எவ்வளவு? 10 கிலோமீற்றருக்கு 50இல் 12 நிமிடம், 70இல் எட்டரை நிமிடம். மூன்றரை நிமிடம்!

வேஸ், கூகுள் மேப்ஸ் என்ற வழிகாட்டும் செயலிகளிலும் இதே அலேர்ட் உண்டு, பாவிக்கிறவர்களுக்குத் தெரியும். பொலிஸ் நிற்கிறது என்று ஒருவர் தட்டிய இடம் மற்றவர்களுக்குக் காட்டும், பிறகு வருகிறவர்கள் 'இருக்கு', 'இல்லை' என்று தட்டத் தட்டத்தான் அது நம்பத்தக்கதாகும். நம்ம பக்கம் தட்டுகிற ஆள் குறைவு. பொலிஸ் போன பிறகும் அலேர்ட் நிற்கும், புதிதாக வந்து நின்றால் காட்டாது. லேசர் கன்னோ சில நூறு மீற்றர் தள்ளியே வேகத்தை எடுத்துவிடும். பொலிஸ் தொப்பி கண்ணில் பட்டபின் பிரேக் அடித்துப் பலனில்லை.

தட்டுகிறவரையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வலது கை அக்சிலேட்டரில், முன் பிரேக்கும் அதே கையில். இடது கையைக் கிளச்சிலிருந்து எடுத்துத்தான் போனைத் தட்டவேண்டும். 60இல் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 33 மீற்றர் ரோட்டையே பார்க்காமல் போகிறார். கையில் போனோடு ஓட்டுவதும் குற்றம்தான்.

"பொலிஸ் காசு புடுங்கத்தானே நிக்கிறான்" என்பார்கள். கை நீட்டுகிறவன் இருக்கிறான், அவனைப் பற்றி முறைப்பாடு கொடுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன். 50இல் போகிறவரிடம் வேகத்துக்கு என்ன காசு? "மரத்துக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறாங்க" என்பது இன்னொன்று. நிற்கட்டுமே. "வெளிநாட்டிலயும் பாவிக்கிறாங்க" என்கிற தம்பிமார், சுவிஸில் இருக்கிற சொந்தக்காரரைக் கேளுங்கள். அங்கே ரேடார் நிற்கிற இடத்தைப் பகிரங்கமாக அறிவிப்பதற்கே தண்டம். ஜேர்மனியில் ஓட்டிக்கொண்டு இந்த அலேர்ட்டைப் பாவிக்கச் சட்டம் விடாது.

அந்த மெசேஜை உங்களைப் போல நல்ல மனுசர் மட்டுமா பார்க்கிறார்கள்? குடித்துவிட்டு ஓட்டுகிறவன் பார்க்கிறான். பெர்மிற் இல்லாமல் மணல் ஏற்றிய டிப்பர்காரன் பார்த்து உள்வீதிக்குத் திருப்புகிறான். பிள்ளைகள் சைக்கிளில் ரியூசன் போய் வருகிற வீதி அது. அவனுக்கும் சேர்த்துத்தான் வழி சொல்கிறோம் என்பது எனக்கு வலிக்கிறது, உங்களுக்கு வலிக்கவில்லையா?

அதே செயலியில் ஆபத்து என்றும் ஒரு பொத்தான் இருக்கிறது. மாடு படுத்திருக்கிற இடம், குழி, லைட் இல்லாமல் நிற்கிற லொறி, எல்லாவற்றையும் அதில் போடலாம். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடுங்கள். குறூப்பிலும் இடத்தின் பெயரோடு, எந்தப் பக்கம் போகும்போது என்றும் எழுதுங்கள். அட்மின்மாரே, கன் நிற்கிற மெசேஜ்களை இனி அழித்துவிடுங்கள். முடியாதென்றால் என்னை நீக்கிவிடுங்கள், வருத்தமில்லை.