புதியவருக்கு எந்த வீரர்? என் பதில் நெக்ரோமேன்சர் அல்ல

ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. (ஒரு வீரரைத் தேர்ந்து, சண்டை போட்டபடி அவரை வளர்க்கும் வகை) விளையாட்டுகளுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைப்பவர் யாரிடம் யோசனை கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் வருகிறது: "நெக்ரோமேன்சரை, அதாவது செத்தவர்களை எழுப்பும் மந்திரவாதியை எடுங்கள். எலும்புக்கூடுகள் சண்டை போடும், நீங்கள் பின்னால் நின்றால் போதும்." கேட்டவருக்கு நிம்மதி, சொன்னவருக்கு வேலை முடிந்தது. எனக்கு இந்தப் பதிலோடு நெடுநாள் பகை.

சுலபமான வீரர் வேறு, புதியவருக்கு ஏற்ற வீரர் வேறு. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: செத்து விழுந்தவுடன், எதனால் செத்தோம் என்று ஆடுபவருக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அடுத்த முறை அரை விநாடி பொறுத்து, அடியிலிருந்து தப்ப உருளுவார், கேடயத்தை இறக்காமல் இருப்பார். தெரியாவிட்டால் யூடியூபில் தேடுவார். அங்கேயும் பிடிபடவில்லை என்றால் விளையாட்டையே கணினியிலிருந்து நீக்கிவிடுவார்.

டியாப்லோ 4 என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடி விழுமுன் விலகிப் பாய்வதற்கென்றே அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. எந்த வகை வீரரை எடுத்தாலும் அது உண்டு. கிட்டே போய் வெட்டிச் சண்டை போடும் பார்பேரியனை எடுத்தவர் முதல் குகையிலேயே அதைப் பழகிவிடுகிறார், வேறு வழியில்லை. நெக்ரோமேன்சரை எடுத்தவருக்கு அதன் நினைவே வருவதில்லை. முன்னால் எலும்புப் படை நிற்கிறது, அடியெல்லாம் அதற்கு. இவர் பிணங்களை வெடிக்க வைத்தபடி உலா வருகிறார். பிறகு கடினத்தைக் கூட்டிப் பார்க்கும் நாள் வரும். பெரிய எதிரி தரையை ஓங்கி அடிக்க, படை மொத்தமாகச் சரியும். அடுத்த அடி இவருக்கு. திரையில் வெடிப்பும் புகையும் எலும்புத் துண்டுகளும் கலந்து கிடக்க, எது தன்னைக் கொன்றது என்றே அவருக்குத் தெரியாது. அத்தனை மணி நேரம் ஆடியும் எதிரியின் கையை அவர் ஒருமுறைகூட உற்றுப் பார்த்திருக்க மாட்டார்.

(வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் எதையாவது நொறுக்கினால் போதும் என்பவருக்கு நெக்ரோமேன்சர் நல்ல தேர்வுதான். அவர் இந்தச் சண்டைக்குள் வரமாட்டார்.)

எல்டன் ரிங் என்ற விளையாட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அங்கே தொடக்கத்தில் பத்து வகை வீரர்கள். உண்மையில் அது தொடக்கப் புள்ளிகளும் கையில் கொடுக்கும் ஆயுதமும் மட்டுமே. பிற்பாடு யாரும் எந்தப் பாதையிலும் போகலாம். ஆனால் அந்தத் தொடக்கத்திலேயே எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்: உயிரின் அளவைத் தீர்மானிக்கும் விகர், வாள்வீரரான வேகபாண்டுக்கு 15, மந்திரவாதியான அஸ்ட்ராலஜருக்கு 9. வேகபாண்டின் கையில் வாளும், வெறும் ஆயுத அடியை முழுவதுமாகத் தடுக்கும் கேடயமும் இருக்கின்றன. அஸ்ட்ராலஜருக்குத் தூரத்திலிருந்து எறிய மந்திரக் கல் இருக்கிறது. எதிரி கிட்டே வந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

இருவரும் தொடக்கத்தில் வரும் பெரிய எதிரியான மார்கிட்டின் முன்னால் போய் நிற்கட்டும். மார்கிட் கைத்தடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு அப்படியே நிற்பான். பதறுபவர் உடனே உருளுவார். உருண்டு எழும் அந்த நொடியில் தடி இறங்கும். வேகபாண்ட் இந்த அடியை ஒருமுறை வாங்கியும் பெரும்பாலும் உயிரோடு இருப்பார். "ஓகோ, இவன் காக்க வைக்கிறான்" என்று புரிந்துகொள்ள அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. அஸ்ட்ராலஜர் எட்டி நின்று கல்லெறிகிறார், மார்கிட் பதிலுக்கு ஒளிக் கத்திகளை வீசுகிறான், பிறகு பாய்ந்து வருகிறான். திரையில் செத்துவிட்டீர்கள் என்று எழுத்து வருகிறது. பாடம் தொடங்குமுன்பே மணி அடித்துவிட்டார்கள்.

ஆகவே என் பரிந்துரை வேகபாண்ட். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாட்டியிருப்பவற்றின் சுமை, தாங்கக்கூடியதில் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் உருளுவது தடால் என்று விழுவதாகிவிடும். கண்ணில் பட்ட கவசத்தையெல்லாம் மாட்டிக்கொள்ளாதீர்கள். சாமுராயும் மோசமில்லை, வாளோடு வில்லும் கொடுக்கிறார்கள்.

இன்னொரு எரிச்சல், வீரர்களைப் பலத்தின்படி அடுக்கும் தர வரிசைப் பட்டியல்கள். அவற்றைப் போடுபவர்கள் விளையாட்டின் கடைசி வரை போய் வந்தவர்கள். அவர்கள் சொல்லும் பலம் முழுமையாகச் சேர்த்த ஆயுதங்களோடு, கடைசிக் கட்டத்தில் இருக்கும் பலம். டியாப்லோ 2-இல் முதல் வீரராக மந்திரக்காரி சார்சரஸை எடுக்கச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது டெலிபோர்ட். 18-ஆம் நிலையில் அது கிடைத்ததும் சுவர்களைத் தாண்டித் தாவி நேரே பெரிய எதிரியிடம் போய், பொருள்களை அள்ளிவரலாம். வரைபடமும் எதிரிகளின் குணமும் மனப்பாடமாக இருப்பவருக்கு அது வரம். ஒன்றும் தெரியாதவர் ஒரு கூட்டத்தின் நடுவில் போய்க் குதிப்பார், அதுவும் மெல்லிய உயிரோடு.

தவறாகத் தேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இன்று பெரும்பாலும் தேவையில்லை. டியாப்லோ 2 வெளிவந்தது 2000-இல். போட்ட புள்ளிகளைத் திரும்பப் பெறும் வசதியோ 2010-இல்தான் வந்தது. அதுவரை சார்சரஸின் புள்ளிகளை மந்திர சக்தியைக் கூட்டும் எனர்ஜியில் கொட்டியவர்கள் வீரரையே தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. டியாப்லோ 4-இல் தங்கம் கொடுத்தால் போதும். எல்டன் ரிங்கில் ரென்னாலா என்ற பெரிய எதிரியை வென்றபின், லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் புள்ளிகளை முழுவதும் மாற்றி அமைக்கலாம். பாத் ஆஃப் எக்ஸைல் என்ற விளையாட்டு மட்டும் கொஞ்சம் பயமுறுத்தும். 1300-க்கும் மேற்பட்ட முனைகள் கொண்ட அந்தத் திறன் மரத்தைப் பார்த்தே ஓடியவர்கள் உண்டு. மரம் எல்லோருக்கும் ஒன்றுதான், நுழையும் இடம்தான் வேறு. நுழைந்த இடத்துக்குப் பக்கத்தில் உயிரைக் கூட்டும் முனைகள் எங்கே என்று பார்த்து முதலில் அவற்றை எடுத்துவிட்டால், மற்றவற்றை ஆற அமர யோசிக்கலாம்.

"எனக்கு வாளே பிடிக்காது, மந்திரம்தான் வேண்டும்" என்பவரைத் தடுக்க மாட்டேன். பிடிக்காத வீரரோடு யாரும் அதிக தூரம் போவதில்லை. அஸ்ட்ராலஜரை எடுங்கள். ஆனால் முதலில் கிடைக்கும் ஆறு புள்ளிகளையும் விகரில் போட்டு 15 ஆக்குங்கள், கை எவ்வளவு துறுதுறுத்தாலும் மந்திர பலத்தைத் தரும் இண்டெலிஜென்ஸ் பக்கம் போகாதீர்கள். அது ஏற்கெனவே 16-இல் இருக்கிறது. கேலிட் என்ற பகுதியின் சதுப்பில் இடிபாடுகளுக்குள் கிடக்கும் மந்திரக்கோலான மீட்டியோரைட் ஸ்டாஃபுக்கு 18 போதும். அந்த இரண்டை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.