மழைக்கு நடுவில் கொட்டிய செம்மண் மூடாக்கு ஆகாது

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று. குப்பை மேட்டுச் சரிவிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஏரிக்குள் இறங்குகிறது. மறுநாளே டிப்பர் டிப்பராகச் செம்மண் கொட்டி, ஜேசிபியால் தடவி, "சரிசெய்யப்பட்டது" என்று கிடங்கு நடத்துகிறவர்கள் படம் போட்டுவிட்டார்கள். அதற்குப் பாராட்டு வேறு. அந்தப் பாராட்டைப் பார்த்துத்தான் மனசு ஆறாமல் எழுதுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புது மண்ணில் அதற்குள் விரல் அகலத்துக்கு ஓடைகள் விழுந்திருக்கின்றன. பக்கெட்டால் மேலிருந்து கீழே இழுத்த கோடுகளிலேயே தண்ணீர் வழி பிடித்துவிட்டது. புல்டோசர் சரிவில் ஏறி இறங்கியிருந்தால் அதன் சங்கிலித் தடம் குறுக்கே படிக்கட்டு மாதிரி விழுந்திருக்கும், தண்ணீரும் நின்று நின்று இறங்கியிருக்கும். ஈரக் குப்பை மேல், ரோலர் படாமல், செங்குத்தாகக் கொட்டிய மண் அடுத்த மழைக்கு ஏரியில்தான் கிடக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டராவது சரிவு ஓட வேண்டும். இடையிடையே படி வெட்டி, அதன் உள்பக்கம் வாய்க்கால் எடுக்க வேண்டும்.

கறுப்புத் தண்ணீர் வந்த வாயை மண்ணால் அடைத்ததுதான் இதைவிட மோசம். மழைத் தண்ணீர் குப்பையில் ஊறி இறங்கி, உள்ளே பழைய மண் அடுக்குகளின் மேல் தேங்கிய குப்பைச் சாறு அது. இங்கே அடைத்தால் பக்கத்தில் வெடிக்கும், இல்லையென்றால் உள்ளேயே ஏறி மேட்டையே தள்ளும். நீர் ஏறிய குப்பை மேடு நிற்காது. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் மேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். கசியும் இடத்தைத் தோண்டி, 40 மி.மீ. ஜல்லி நிரப்பி, துளைக் குழாய் வைத்துச் சாறுத் தொட்டிக்குக் கொண்டுபோன பிறகுதான் மேலே களிமண் போட வேண்டும்.

இதையெல்லாம் மழைக்கு முன்னால் செய்ய வேண்டும். மழைக்கு முன்னால்! 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள்: பருவமழை தொடங்கும் முன் 40 முதல் 65 செ.மீ. மண் மூடாக்கு, இறுக்கி, வாட்டம் கொடுத்து. மழைநீரை ஒதுக்கிவிடக் கரையும் போட வேண்டும்.

"மழையை யார் தடுக்க முடியும்?" என்று அந்தப் பாராட்டுகளுக்கு நடுவே ஒருவர் கேட்டிருக்கிறார். யாரும் தடுக்கச் சொல்லவில்லை. குப்பையைத் தொட்ட தண்ணீரையும் தொடாத தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விடாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை என்றால் சுமார் 4 லட்சம் லிட்டர். மூடிய பரப்பில் விழுந்து ஓடினால் அதில் வண்டல் மட்டும்தான், குட்டையில் தங்கவைத்துத் தெளியவிட்டு வெளியேற்றலாம். குப்பைக்குள் இறங்கிவிட்டால் அத்தனையும் சாறு, 12,000 லிட்டர் டேங்கரில் 33 லோடுக்கு மேல். வண்டல் குட்டை மண்ணைத்தான் பிடிக்கும், கரைந்த அமோனியாவைப் பிடிக்காது. குட்டை வெட்டிவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள் இதையும் சொல்லுங்கள்.

"காசு எங்கே இருக்கு?" நியாயமான கேள்வி. ஆனால் சரிவில் மண் அரிக்காமல் இருக்க விரிக்கும் தென்னை நார் விரிப்பு பொள்ளாச்சிப் பக்கமே கிடைக்கிறது. மேல் விளிம்பில் 30 செ.மீ. பள்ளம் எடுத்து அதில் புதைத்து, மேல்விரிப்பு கீழ்விரிப்பின் மேல் ஏறுகிற மாதிரி கீழ்நோக்கி விரித்து, மண்ணோடு ஒட்ட முளை அடிக்க வேண்டும். இடைவெளி விட்டால் தண்ணீர் விரிப்புக்கு அடியிலேயே அரித்துக்கொண்டு போகும். வெட்டிவேரை 10-15 செ.மீ. இடைவெளியில் சரிவுக்குக் குறுக்கே நட வேண்டும். வேலியாக அடர மாதக்கணக்காகும் என்பதால் ஐப்பசியில் நட்டுப் பயனில்லை. சில்ட் ஃபென்ஸ், அதாவது வண்டலைத் தடுக்கும் துணி வேலி, என்ற பேரில் பச்சை நிழல்வலையைக் கட்டி அடியில் செங்கல் வைக்கிறார்களே, அது காசை வீணாக்கும் வேலை. அதற்கென்று உள்ள துணியை அடியில் 15 செ.மீ. மண்ணுக்குள் புதைக்காவிட்டால் எதுவும் நிற்காது. வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டினாலும் பிய்த்துக்கொண்டு போகும்.

"பயோமைனிங் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்." பயோமைனிங் என்றால் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பது. தோண்டும்போதுதான் மூடியிருந்த குப்பை திறக்கிறது. சலித்த பொடிமண் குவியலுக்குத் தார்ப்பாயும் சுற்றிலும் வரப்பும் இல்லையென்றால் முதல் மழைக்கே கரைந்து ஓடும். சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருப்பதே பள்ளிக்கரணைச் சதுப்பில். உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு என்ற ராம்சார் அந்தஸ்தை 2022-இல் பெற்ற இடம் அது. அங்கே இறங்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் நீர் நிற்கும் இடத்தைத்தான் தூர்க்கிறது.

கடைசியாக, "நீ உன் வீட்டுக் குப்பையைப் பிரிச்சுக் கொடுக்கிறியா?" என்ற கேள்வி. கொடுக்கிறேன். கொடுக்காதவன் கேட்டாலும் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏரிக்கரையில் போர்வெல் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவளிடம் போய் இதைக் கேட்பீர்களா? வருஷா வருஷம் இதையே எழுதி, வருஷா வருஷம் "குறை சொல்லவே பிறந்தவன்" என்று பேர் வாங்குவது வலிக்கத்தான் செய்கிறது.

சரி, குறை சொல்லவில்லை, ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெயில் அடித்த மூன்றாம் நாள் எடுத்த மாதிரியைக் காட்டாதீர்கள். அடுத்த பெருமழையின் முதல் மணி நேரத்திலேயே, ஏரிக்குள் தண்ணீர் விழும் வாயில் பாட்டில் பிடியுங்கள். தண்ணீரில் கரையாமல் கலங்கி நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா, அழுகும் கழிவு எவ்வளவு என்று காட்டும் பிஓடி 30-க்குள் இருக்கிறதா, அமோனியா நைட்ரஜன் 50-க்குள் இருக்கிறதா என்று பார்த்து, முடிவைக் கிடங்கின் வாசலில் தேதியோடு எழுதிப் போடுங்கள்.